ஒரு குடம் பாரம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டுக் கார் கிளம்ப மறுத்துவிட்டது. சாவியைத் திருப்பினால் "டிக்… டிக்… டிக்" என்று பல்லி கத்துவதுபோல ஒரு சத்தம், அவ்வளவுதான். விடுமுறைக்கு வந்திருந்த என் அக்கா மகள், எட்டாம் வகுப்பு, பின் சீட்டில் உட்கார்ந்தபடி, "கார் ஏதோ சகுனம் சொல்லுது மாமா" என்றாள்.

தெருமுனை மெக்கானிக் ஸ்கூட்டரில் வந்தார். பானெட்டைத் திறந்து, மல்டிமீட்டரின் சிவப்பு முனையையும் கறுப்பு முனையையும் பேட்டரியின் இரண்டு டெர்மினல்களில் வைத்தார். 12.2 என்று காட்டியது.

"நல்லாத்தானே இருக்கு?" என்றேன்.

"இப்ப சாவியைத் திருப்புங்க சார்."

திருப்பினேன். எண்கள் மளமளவென்று சரிந்து 7-க்கு வந்து நின்றன. சாவியை விட்டதும் ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி 12-ஐ நோக்கி ஏறின.

"பார்த்தீங்களா? சும்மா இருக்கிறப்போ பயில்வான். வேலைன்னு சொன்னா படுத்துக்கும். பேட்டரி போயிருச்சு சார்."

அந்த 7-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

முதலில் கறுப்பு வயர், அப்புறம் சிவப்பு என்று கழற்றி, பழைய பேட்டரியை வெளியே எடுத்துத் திண்ணையில் வைத்தார். பழசைக் கொடுத்தால் புதுசின் விலையில் கழித்துக்கொள்வார்களாம். அக்கா மகளுக்குக் கை சும்மா இருக்குமா? இரண்டு கையாலும் பிடித்து முழங்கால் உயரம் தூக்கினாள். முகம் சிவந்தது. மெல்ல இறக்கி வைத்துவிட்டு, "ஷூ பெட்டி சைஸ்தான் இருக்கு. உள்ள என்ன, கருங்கல்லா?" என்றாள்.

கருங்கல் இல்லை, அதே அளவில் அதைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு கனமான ஒன்று. உள்ளே இருப்பது ஈயம்.

ஈயம் என்றதும் பாட்டி ரசம் வைக்கும் ஈயச் சொம்பை நினைத்துவிடாதீர்கள். அது வெள்ளீயம். இது காரீயம். பெயரில்தான் பங்காளிகள், குணத்தில் இரண்டும் வேறு வேறு. காரீயம் உடம்புக்குள் போனால் நஞ்சு. அதனால் பேட்டரியைத் திறந்து பார்க்கும் ஆசை யாருக்காவது இருந்தால் இப்போதே கைவிட்டுவிடுங்கள். உள்ளே கந்தக அமிலம் வேறு இருக்கிறது. நான் சொல்கிறேன், நீங்கள் மனக்கண்ணால் பார்த்தால் போதும்.

ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நிரப்பினால் 1 கிலோ. காரீயத்தை உருக்கி ஊற்றினால் 11 கிலோவுக்கும் மேல். அப்படிப்பட்ட உலோகத்தைத் தகடு தகடாக அடுக்கித்தான் கார் பேட்டரி செய்கிறார்கள். பெட்டிக்குள் ஆறு அறைகள். ஒவ்வொரு அறையிலும் காரீயத் தகடு ஒன்று, காரீய ஆக்சைடு அப்பிய தகடு ஒன்று என்று மாறி மாறி நிற்கும். சுற்றிலும் தண்ணீர் கலந்த கந்தக அமிலம். ஓர் அறைக்கு ஏறத்தாழ 2 வோல்ட். ஆறையும் சங்கிலிபோலக் கோத்தால் 12 வோல்ட். மின்சாரம் எடுக்கும்போது இரண்டு வகைத் தகடுகளும் அமிலத்தோடு சேர்ந்து காரீய சல்பேட்டாக மாறும். திரும்ப மின்சாரம் ஏற்றினால் பழைய நிலைக்கு வரும். பிரான்ஸ் நாட்டின் காஸ்தோன் பிளான்தே 1859-இல் இரண்டு காரீயத் தகடுகளை ஒன்றையொன்று தொடாதபடி பாய்போலச் சுருட்டி அமிலத்தில் வைத்தார். திண்ணையில் கிடந்த எங்கள் பேட்டரி அதன் கொள்ளுப்பேரன்.

"நூற்றைம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. இன்னும் யாரும் கனத்தைக் குறைக்கலையா?" என்றாள்.

குறைத்திருக்கிறார்கள். அந்தக் கதையில் ஒரு பந்தயக் கார், கொஞ்சம் கிறுக்குத்தனம், நம்மூர்க்காரர் ஒருவர் எல்லாம் வருகிறார்கள்.

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் போர்ஷே நிறுவனம் இருக்கிறது. வேகமான கார்கள் செய்வதில் பெயர் பெற்றது. 2009 நவம்பரில் அவர்கள் ஓர் அறிவிப்பு வெளியிட்டார்கள். 911 ஜிடி3, 911 ஜிடி3 ஆர்எஸ், பாக்ஸ்டர் ஸ்பைடர் ஆகிய மூன்று கார்களுக்கும் விருப்பப்பட்டால் லித்தியம் பேட்டரி வாங்கிக்கொள்ளலாம். வழக்கமான காரீய பேட்டரி 16 கிலோ. புதியது 6 கிலோவுக்கும் குறைவு. நீளமும் அகலமும் பழையதைப் போலவே, உயரம் மட்டும் 7 சென்டிமீட்டர் குறைச்சல். மின்சாரக் கார்களில் தரை முழுக்கப் பரப்பியிருப்பார்களே, அந்தப் பெரிய பேட்டரி இல்லை இது. பெட்ரோல் எஞ்சினைத் தட்டி எழுப்புகிற சின்ன பேட்டரிதான். விலை ஜெர்மனியில் வரியோடு சேர்த்து 1,904 யூரோ. அன்றைய மதிப்பில் ஒரு லட்சத்து முப்பதாயிரம் ரூபாய்போல.

பத்து கிலோ குறைக்க ஒரு லட்சத்து முப்பதாயிரம். கிலோவுக்குப் பதின்மூவாயிரம் ரூபாய்!

அக்கா மகள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அந்தக் காசுக்கு, ஓட்டுறவர் நாலு மாசம் பரோட்டா சாப்பிடாம இருந்தா போதாதா மாமா?"

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் நான் மேலே போக முடியாது.

பத்து கிலோ என்றால் எவ்வளவு? பத்து லிட்டர் தண்ணீர். ஏறக்குறைய ஒரு பிளாஸ்டிக் குடம். சைக்கிள் கேரியரில் ஒரு குடம் தண்ணீரைக் கட்டிக்கொண்டு மிதித்தவர்களுக்குத் தெரியும், அது படுத்தும் பாடு. கிளம்பும்போது பின்னால் யாரோ பிடித்து இழுப்பதுபோல இருக்கும். பிரேக் பிடித்தால் நிற்காமல் முன்னால் தள்ளும். வளைவில் வண்டி நாம் சொன்ன பக்கம் வராது. மூன்றும் ஒரே காரணத்தால்தான். பொருளின் நிறை கூடக் கூட, அதன் வேகத்தையோ திசையையோ மாற்றக் கூடுதல் விசை வேண்டும். நியூட்டன் சொன்னது, உங்கள் பாடப் புத்தகத்தில் இருக்கிறது.

ஆனால் சைக்கிளும் நீங்களும் சேர்ந்து 60 கிலோ இருந்தால், அதில் 10 கிலோ என்பது ஆறில் ஒரு பங்கு. அந்த ஜிடி3 ஆர்எஸ் காரின் எடை 1,370 கிலோ. அதில் 10 கிலோ? நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை அது 4 வினாடியில் எட்டும். எடை குறைந்த அளவுக்கு நேரமும் குறையும் என்று தோராயமாகக் கணக்குப் போட்டால், மிச்சமாவது ஒரு வினாடியின் நூறு பங்கில் மூன்று பங்கு. நீங்கள் கண் சிமிட்டும் நேரம் இதைவிட அதிகம். ஒரு லட்சத்து முப்பதாயிரம் ரூபாய்க்கு ஒரு கண்சிமிட்டல்கூட முழுசாகக் கிடைக்கவில்லை!

அப்படியானால் போர்ஷேக்காரர்களுக்குக் கணக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். அவர்கள் பத்து கிலோவை ஒரே இடத்தில் தேடுகிறவர்கள் இல்லை. கிராம் கிராமாகச் சுரண்டுகிறவர்கள். 1973-இல் அவர்கள் செய்த கரேரா ஆர்எஸ் என்ற காரின் இலகு வகையில் பின் சீட்டை எடுத்துவிட்டார்கள். கண்ணாடியை மெல்லிசாக்கினார்கள். கதவின் உள்பக்கக் கைப்பிடிக்குப் பதில் ஒரு தோல் வார். அதைப் பிடித்து இழுத்தால் கதவு திறக்கும். பானெட்டின் மேல் இருந்த உலோகச் சின்னத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. அதை எடுத்துவிட்டு அதே படத்தை ஸ்டிக்கராக ஒட்டினார்கள். ஒரு சின்னம் என்ன எடை இருக்கும்? இருந்தாலும் எடுத்தார்கள். இப்படியெல்லாம் செய்துதான் காரை 1,000 கிலோவுக்குக் கீழே கொண்டுவந்தார்கள். லித்தியம் பேட்டரி வாங்கலாம் என்று சொன்ன பாக்ஸ்டர் ஸ்பைடரிலும் அதே கஞ்சத்தனம்தான். ஏசி, ரேடியோ இரண்டும் அதில் தானாக வரவில்லை, கேட்டால்தான் தந்தார்கள். ஜெர்மனியில் சரி, நம் சித்திரை மாதத்தில் அந்தக் காரை ஓட்டிப் பார்க்க வேண்டும்!

இப்படிச் சுரண்டிச் சுரண்டி எடுக்கிறவர்களுக்கு, ஒரே பெட்டியில் பத்து கிலோ கிடைத்தால் அது புதையல்.

ஓட்டுநரின் பரோட்டா கணக்கும் தப்பில்லை. விசைக்கு ஓட்டுநரின் எடை, பேட்டரியின் எடை என்ற பேதம் கிடையாது. ஃபார்முலா 1 பந்தயத்தில் இதற்காகவே ஒரு விதி வைத்திருக்கிறார்கள். 2019-இல் அது வந்தபோது, ஓட்டுநரும் அவர் இருக்கையும் சேர்ந்து குறைந்தது 80 கிலோ இருக்க வேண்டியிருந்தது. ஒல்லியானவர் என்றால் மீதிக்கு எடைக்கட்டி வைக்க வேண்டும், அதையும் இருக்கைக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓட்டுநர்கள் பட்டினி கிடந்து உடம்பைக் கெடுத்துக்கொள்வார்கள்.

"இருக்கைக்குப் பக்கத்திலேயேன்னு ஏன் சொல்லணும்? எங்க வெச்சா என்ன?" என்றாள் உடனே.

அவள் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. ஏனென்றால் எடை எவ்வளவு என்பது பாதிக் கதைதான். அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது மீதிப் பாதி.

ஒரு சோதனை செய்து பாருங்கள். நீளமான ஒட்டடைக் கம்பு ஒன்று, தண்ணீர் நிரப்பிய இரண்டு அரை லிட்டர் பாட்டில்கள், கொஞ்சம் கயிறு. கம்பின் நடுவில் உங்கள் கைக்கு இரண்டு பக்கமும் பாட்டில்களை ஒட்டிக் கட்டுங்கள். கம்பைப் படுக்கையாகப் பிடித்து, இடமும் வலமுமாகச் சட்சட்டென்று திருப்புங்கள். எளிதாக வரும். இப்போது அதே பாட்டில்களைக் கம்பின் இரண்டு கோடியில் கட்டித் திருப்புங்கள். கம்பு உங்கள் பேச்சைக் கேட்காது. திருப்பத் தொடங்குவதும் சிரமம், திருப்பியதை நிறுத்துவதும் சிரமம். கயிறை இறுக்கிக் கட்டுங்கள். நாங்கள் செய்தபோது ஒரு பாட்டில் பறந்து போய்த் துளசி மாடத்தில் மோதியது. எடை கூடவில்லை, குறையவில்லை. இடம்தான் மாறியது.

காரும் ஒரு நீளமான கம்புதான். வளைவில் திரும்பும்போது அதன் மூக்கு ஒரு பக்கமும் வால் மறுபக்கமும் சுழல வேண்டும். கோடியில் கனம் இருந்தால் கார் சோம்பலாகத் திரும்பும், திரும்பியபின் சோம்பலாக அடங்கும்.

911 காருக்கு இதில் பிறவியிலேயே ஒரு சிக்கல். அதன் எஞ்சின் பின் சக்கரங்களுக்கும் பின்னால், வால் நுனியில் உட்கார்ந்திருக்கிறது. 1960-களில் வந்த முதல் 911 கார்களில் மூக்கு லேசு, வால் கனம். வளைவில் ஓட்டுநர் பதறிக் காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்தால், வால் வெளியே வீசி, காரே பம்பரமாகச் சுற்றிவிடும். அப்போது போர்ஷே பொறியாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? முன் பம்பருக்குள் இரண்டு மூலைகளிலும் இரும்புக் கட்டிகளைத் திணித்தார்கள். பக்கத்துக்குச் சுமார் 11 கிலோ!

மறுபடி படியுங்கள். பிற்காலத்தில் பத்து கிலோ குறைப்பதற்காக வாடிக்கையாளரிடம் ஒரு லட்சத்துக்கும் மேல் வாங்கிய அதே நிறுவனம், முன்பு ஒருகாலத்தில் சும்மா கிடந்த இரும்பைக் காரின் மூக்கில் ஏற்றி விற்றது. எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

1969-ஆம் ஆண்டு மாடலுக்கு இதைவிட நல்ல வழி ஒன்று கிடைத்தது. பின் சக்கரங்களை 57 மில்லிமீட்டர் பின்னுக்கு நகர்த்தினார்கள். எஞ்சின் நகரவில்லை, சக்கரம் மட்டும் எஞ்சினை நோக்கிப் போனது. கூடவே ஒரு பெரிய பேட்டரிக்குப் பதில் இரண்டு சின்ன பேட்டரிகளை முன்பக்கத்தின் இரண்டு மூலைகளிலும் வைத்தார்கள். உபயோகமில்லாத இரும்பைச் சுமப்பதற்குப் பதில், எப்படியும் சுமந்தே ஆகவேண்டிய காரீயத்தையே எடைக்கட்டியாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். கெட்டிக்காரத்தனம்! பிறகு டயர்கள் அகலமாயின, சக்கரங்களைத் தாங்கும் அமைப்பு மேம்பட்டது, மூக்கில் கனம் வேண்டிய அவசியம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. 2009-க்கு வரும்போது முன்பக்கம் இருந்த பேட்டரியின் எடை மறுபடி வேண்டாத சுமையாகிவிட்டது. மூக்கு லேசானால் ஸ்டியரிங்கைத் திருப்பியதும் கார் சட்டென்று திரும்பும். ஓட்டுகிறவர் காசு கொடுத்தது அந்தக் கண்சிமிட்டலுக்கு இல்லை, இதற்குத்தான்.

சரி, பத்து கிலோ எப்படிக் குறைந்தது? இப்போது அந்த 7-க்கு வருவோம்.

காரில் பேட்டரிக்கு முக்கியமான வேலை ஒன்றே ஒன்று: எஞ்சினை எழுப்புவது. ஒருகாலத்தில் இதை மனிதர்கள் செய்தார்கள். காரின் முன்னால் நின்று, இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்ற வேண்டும். எஞ்சின் எதிர்பாராமல் உதைத்தால் கைப்பிடி திருப்பியடித்து மணிக்கட்டு உடையும். அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங் செய்த மின் ஸ்டார்ட்டர் 1912-ஆம் ஆண்டு கேடிலாக் கார்களில் வந்தபிறகுதான் அந்த வதை ஒழிந்தது. இன்றும் மெக்கானிக் கடையில் "செல்ஃப் எடுக்கல" என்கிறார்களே, அந்தச் செல்ஃப் இதுதான். யாரும் சுற்றாமல் தானாகச் சுற்றுவது.

செல்ஃப் மோட்டார் சுற்றும்போது 200 ஆம்பியர்போல மின்சாரத்தை உறிஞ்சும். வீட்டு மிக்ஸி இழுப்பது மூன்று, நான்கு ஆம்பியர்தான். ஆனால் செல்ஃப் சுற்றுவது ஒரே ஒரு வினாடி. 60 ஆம்பியர்-மணி அளவுள்ள பேட்டரியில் இருக்கும் மொத்த மின்னூட்டத்தைக் கணக்கிட்டால், அந்த ஒரு வினாடிக்குச் செலவாவது ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நம்பிக்கை இல்லாதவர்கள் 60-ஐ 3,600-ஆல் பெருக்கி 200-ஆல் வகுத்துப் பாருங்கள்.

ஆயிரத்தில் ஒரு பங்குதான் தேவை என்றால், எதற்கு இவ்வளவு பெரிய பேட்டரி?

மொட்டைமாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி எவ்வளவு பெரிசு என்பது ஒரு கேள்வி. குழாய் எவ்வளவு அகலம் என்பது வேறு கேள்வி. ஒரே வினாடியில் ஒரு குடம் நிறைய வேண்டும் என்றால் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்து பயனில்லை, குழாய் அகலமாக இருக்க வேண்டும். எங்கள் பழைய பேட்டரியில் தொட்டி காலியாகவில்லை. அதனால்தான் மீட்டர் 12.2 காட்டியது. வயதாகித் தகடுகளில் சல்பேட் கெட்டியாகப் படிந்து குழாய் அடைத்துக்கொண்டது. மொத்தமாகக் கேட்டதும் 7-க்கு விழுந்துவிட்டது.

காரீய பேட்டரியில் குழாயை அகலமாக்க ஒரே வழி, தகடுகளின் பரப்பைக் கூட்டுவது. பரப்பைக் கூட்டினால் காரீயம் கூடும், தொட்டியும் தேவையில்லாமல் பெரிதாகும். அந்தப் பெரிய தொட்டியையும் அடிவரை காலி செய்ய முடியாது. அடிக்கடி வறள விட்டால் தகடு சீக்கிரம் பாழாகும். ஆக, வேண்டாத பெரிய தொட்டியைக் கார் தினமும் சுமக்கிறது.

லித்தியம் பேட்டரியில் சின்னத் தொட்டிக்கே அகலமான குழாய் வைக்கலாம். போர்ஷேயின் பேட்டரி வெறும் 18 ஆம்பியர்-மணிதான். அதைக் கிட்டத்தட்ட அடிவரை பயன்படுத்தலாம். எஞ்சினை எழுப்ப அது தாராளம்.

லித்தியம் தன்னளவிலேயே லேசானது. தனிம வரிசையில் மூன்றாவது, உலோகங்களிலேயே மிக லேசானது. அதே ஒரு லிட்டர் பாட்டிலில் லித்தியத்தை நிரப்பினால் அரை கிலோவைக் கொஞ்சம்தான் தாண்டும். மண்ணெண்ணெயில் போட்டால் மிதக்கும். காரீய அணுவின் நிறை 207. பேட்டரியில் அது இரண்டு எலக்ட்ரான்களைக் கொடுக்கிறது. லித்திய அணுவின் நிறை 7, ஒன்றைக் கொடுக்கிறது. எலக்ட்ரான் ஒன்றுக்கு அங்கே நூற்றுச் சொச்சம், இங்கே ஏழு.

அப்படியானால் பேட்டரி பதினைந்து மடங்கு லேசாக அல்லவா இருக்க வேண்டும்? அங்கேதான் விஷயம். லித்தியம் தனியாக வாழாது. அது தங்க இரண்டு வீடுகள் வேண்டும். ஒரு வீடு கார்பன் அடுக்குகளால் ஆனது. மற்றது, இந்த வகை பேட்டரியில், இரும்பும் பாஸ்பரஸும் ஆக்சிஜனும் சேர்ந்த இரும்பு பாஸ்பேட். லித்தியம் அயனிகள் ஊஞ்சல்போல இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் போய் வருகின்றன. குடியிருப்பவர் ஒல்லி என்றாலும் வீடுகளின் எடையைச் சேர்த்தே ஆகவேண்டும். இன்னொரு லாபமும் உண்டு. இதில் ஓர் அறை மூன்று வோல்ட்டுக்கு மேல் தருகிறது. ஆறு அறைகள் வேண்டாம், நான்கே போதும்.

இரும்பு பாஸ்பேட் வீட்டைக் கட்டிய கதையில்தான் நம்மூர்க்காரர் வருகிறார். அவர் பெயர் ஆறுமுகம் மந்திரம். தென் தமிழ்நாட்டின் ஒரு சிற்றூரில் 1951-இல் பிறந்தவர். மதுரையில் வேதியியல் படித்து, சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் வாங்கி, மதுரைக் காமராசர் பல்கலைக்கழகத்தில் கொஞ்ச காலம் பாடம் நடத்தினார். பிறகு இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போய் ஜான் குட்இனஃப் என்ற பேரறிஞரின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். 1986-இல் இருவரும் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு மாறினார்கள்.

அதற்கு முன் குட்இனஃப் கண்டுபிடித்த லித்தியம் வீடு கோபால்ட்டால் ஆனது. கோபால்ட் விலை அதிகம்; ரொம்பச் சூடானால் ஆக்சிஜனை வெளியே விட்டுத் தீக்குத் துணைபோகும். இரும்பு மலிவு, ஆனால் இரும்பு ஆக்சைடு வீட்டில் வோல்ட் குறைவாகக் கிடைத்தது. மந்திரமும் குட்இனஃபும், இரும்போடு வெறும் ஆக்சிஜனைச் சேர்க்காமல் சல்பேட் போன்ற தொகுதிகளைச் சேர்த்தால் அதே இரும்பு கூடுதல் வோல்ட் தரும் என்று காட்டினார்கள். அந்த வழியில் போய்த்தான், 1990-களில் அதே ஆய்வுக்கூடத்தினர் லித்தியம் இரும்பு பாஸ்பேட்டை வந்தடைந்தார்கள். அதில் பாஸ்பரஸ் ஆக்சிஜனைக் கெட்டியாகப் பிடித்து வைத்திருக்கும், லேசில் விடாது. அதனால் தீ ஆபத்தும் குறைந்தது. போர்ஷேயின் பேட்டரிக்குள் இருந்தது இதே பொருள்தான்.

குட்இனஃபுக்கு 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தபோது அவருக்கு வயது 97. நோபல் பரிசு பெற்றவர்களிலேயே மூத்தவர். ஸ்டாக்ஹோமில் பரிசு பெறுபவர் ஆற்றவேண்டிய நோபல் உரையை அவர் சார்பாக மேடையேறி ஆற்றியவர் மந்திரம்.

"மதுரையில படிச்சவரா!" என்றாள் அக்கா மகள். அவளும் மதுரை. கொஞ்ச நேரம் முகத்தில் பெருமை தாங்கவில்லை. பிறகு பழையபடி சந்தேகம் வந்துவிட்டது. "இவ்வளவு நல்லா இருக்குன்னா நம்ம காருக்கும் அதையே போட வேண்டியதுதானே?"

விலை ஒரு காரணம். தொட்டி சின்னது என்பதால் இன்னொரு தொல்லையும் உண்டு. கார் சும்மா நிற்கும்போதும் கடிகாரம், திருட்டு அலாரம் எல்லாம் சொட்டுச் சொட்டாக மின்சாரம் குடிக்கும். 50 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். 60 ஆம்பியர்-மணி பேட்டரி 50 நாள் தாங்கும். 18 ஆம்பியர்-மணி பேட்டரி 15 நாளில் வறண்டுவிடும். அடியோடு வறண்டால் லித்தியத்துக்கு ஆகாது. அதனால் போர்ஷே பேட்டரிக்குள்ளேயே ஒரு சின்ன மின்னணுக் காவலாளியை வைத்தார்கள். மின்னூட்டம் அபாய அளவுக்கு இறங்குகிறதா, நான்கு அறைகளும் சமமாக இருக்கின்றனவா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும்.

ஆனால் பெரிய வில்லன் குளிர். தண்ணீர் உறையும் குளிரில் லித்தியம் அயனிகள் சோம்பிப் போகின்றன. அயனிகள் நீந்தும் திரவம் கெட்டிப்பட்டு, ஊஞ்சல் மெதுவாகிறது. அகலமாக இருந்த குழாய் குறுகுகிறது. அந்த நிலையில் வேகமாக மின்சாரம் ஏற்றினால் இன்னும் மோசம். அயனிகள் கார்பன் வீட்டுக்குள் நுழைய முடியாமல் வாசலிலேயே உலோகமாகப் படிந்துவிடும். ஜெர்மனியில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் பூஜ்யத்துக்குக் கீழே போவது சாதாரணம். கிழட்டுக் காரீயமும் குளிரில் முனகும்தான், ஆனாலும் எப்படியோ எழுந்து வேலை செய்துவிடும்.

போர்ஷே இதற்குக் கண்டுபிடித்த தீர்வைக் கேட்டால் சிரிப்பீர்கள். லித்தியம் பேட்டரி வாங்கியவருக்குக் காரோடு வழக்கமான காரீய பேட்டரியையும் சேர்த்தே கொடுத்தார்கள். இரண்டுக்கும் பொருத்தும் இடம் ஒன்றேதான். குளிர்காலம் வந்தால் சின்னதைக் கழற்றிவிட்டுப் பெரிசை மாட்டிக்கொள்ளலாம். வெயில் வந்ததும் திரும்ப மாற்றிக்கொள்ளலாம்.

அதற்குள் மெக்கானிக் புதுப் பேட்டரியை மாட்டி, முதலில் சிவப்பு, பிறகு கறுப்பு என்று முடுக்கி முடித்திருந்தார். சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு, மீட்டரை மட்டும் அக்கா மகள் பக்கம் திருப்பிப் பிடித்தார். 12.7. செல்ஃப் சுற்றியபோது 10.6 வரை இறங்கியது. எஞ்சின் பிடித்ததும் 14.1.

"10.6!" என்று கத்தினாள். "குழாய் அகலமா இருக்கு!"

மெக்கானிக்குக் குழாய்க் கதை தெரியாது. பேட்டரிக்கும் குழாய்க்கும் என்ன சம்பந்தம் என்று என்னைப் பார்த்தார். பழைய பேட்டரியைத் தூக்கி ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் நிறுத்தி வைத்துக் கிளம்பினார். தெருமுனை திரும்பும்போது, அந்தக் கனத்தோடு வண்டி லேசாகச் சாய்வதை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"மாமா, அந்த ஜெர்மன்காரர் வீட்ல, வெயில் காலத்துல அந்தப் பதினாறு கிலோ எங்க இருக்கும்?"

"கார் ஷெட்ல, அலமாரியில. அதுவும் சும்மா விட முடியாது, அப்பப்ப சார்ஜ் போட்டு வைக்கணும்."

"மறுபடி குளிர் வந்தா யார் தூக்கி மாட்டுவாங்க?"

"அவர்தான்."

"அப்ப பரோட்டாவை நிறுத்தச் சொல்லாதீங்க. தெம்பு வேணும்" என்றாள்.